குறி தவறியது எய்தவனாலா, அம்பாலா? குட்டி வில்வீரர்களுக்கு அம்பு அளவெடுத்துத் தயாரிப்பது எப்படி? - முழு விவரம்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது நம்ம ஊர்ப் பழமொழி. ஆனால் வில்வித்தை மைதானத்தில் சில நேரம் அம்பைத்தான் நோக வேண்டியிருக்கிறது. ஒரு பத்து வயதுப் பிள்ளை சரியாக நிற்கிறது, சரியாக இழுக்கிறது, சரியாக விடுகிறது. ஆனாலும் அம்புகள் எல்லாம் இடது பக்கமே போய்க் குத்துகின்றன. ‘கவனமா பாரு’ என்று பெற்றோர் சொல்கிறார்கள். பிள்ளை சோர்ந்துபோகிறது. கடைசியில் பார்த்தால், கையில் இருப்பது வளர்ந்தவர்களுக்கான அம்பு!

இளம் வீரர்களுக்கு வில் வாங்கும்போது காட்டும் அக்கறையை அம்பில் பலரும் காட்டுவதில்லை. அளவு தவறிய அம்பு குறியை மட்டும் கெடுப்பதில்லை, பிள்ளையின் கையையே கிழித்துவிடும் ஆபத்தும் உண்டு. அம்பின் நீளம், எடை, வளைவு ஆகியவற்றை எப்படி முடிவு செய்வது? வீட்டிலேயே அம்பு பொருத்த முடியுமா? எதைச் செய்யவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- அம்பின் நீளம் பிள்ளையின் இழுப்பு நீளத்தைவிடக் குறைந்தது 2 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும்.
- வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு வேறு, பிள்ளை உண்மையில் இழுக்கும் பவுண்டு வேறு.
- பிள்ளைகளின் இலேசான வில்லுக்கு, நன்றாக வளையக்கூடிய மெல்லிய அம்புதான் பொருந்தும்.
- ஒரு பிள்ளையின் அம்புகள் எல்லாம் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே வகையாக இருக்க வேண்டும்.
- விரிசல் விட்ட கார்பன் அம்பை ஒட்டிச் சரிசெய்து பயன்படுத்தவே கூடாது.

அண்ணாமலை நகருக்கும் அம்புக்கும் என்ன தொடர்பு?

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் என்றதும் நினைவுக்கு வருவது 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதையொட்டியே இருக்கிறது திருவேட்களம் பாசுபதேசுவரர் கோயில். மகாபாரத அர்ஜுனன் தவம் செய்து, வேடன் வடிவில் வந்த சிவனோடு வில்லெடுத்துப் போரிட்டு, பாசுபத அஸ்திரத்தைப் பெற்ற இடம் இதுதான் என்கிறது தலபுராணம். இந்தக் கோயிலின் தலமரம் மூங்கில். உலகின் பல பகுதிகளில் வில்லுக்கும் அம்புக்கும் நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வரும் அதே மூங்கில்!

அதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி அருகே கெடில ஆற்றங்கரையில் உள்ள திருவதிகை, சிவன் முப்புரங்களை எரித்த தலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் வரும் அம்பு சுவாரசியமானது. அம்பின் தண்டு திருமால், முனை அக்னி, இறகு வாயு. தண்டு, முனை, இறகு என்று அம்பைப் பகுதி பகுதியாகப் பார்க்கும் பார்வை புராணத்திலேயே இருக்கிறது. இன்றைக்கு விளையாட்டுக் கடையில் வாங்கும் அம்பும் அதே அமைப்புதான். நாணில் மாட்டும் பகுதி மட்டும் கூடுதல்.

அம்பில் என்னென்ன பாகங்கள் உண்டு?

*தண்டு:* அம்பின் உடல். மரம், மூங்கில், ஃபைபர் கிளாஸ், அலுமினியம், கார்பன் என்று பல வகை. ‘ஷாஃப்ட்’ என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள்.

*முனை:* ‘பாயிண்ட்’ என்பார்கள். விளையாட்டு வில்வித்தையில் முனை மழுங்கலான கூம்பு வடிவில் இருக்கும். வேட்டை அம்பின் அகன்ற பிளேடு முனைக்கு இங்கே இடமில்லை.

*இறகு:* அம்பின் வால்பகுதியில் மூன்று. பறவை இறகாகவும் இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் இறகுக்கு ‘வேன்’ என்று பெயர்.

*நாக்:* வால்நுனியில் நாண் உட்காரும் பள்ளம் கொண்ட சிறிய பிளாஸ்டிக் துண்டு. விலை குறைவுதான். ஆனால் இது கோளாறானால் மற்ற எல்லாம் கோளாறு.

பெரியவர்களின் அம்பைப் பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன?

பலரும் கேட்கும் கேள்வி இது. அண்ணன் பயன்படுத்திய அம்பு சும்மாதானே கிடக்கிறது, தம்பிக்குக் கொடுத்தால் என்ன? பதில் புரிய வேண்டுமென்றால், வில்லிலிருந்து அம்பு எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அம்பு நேர்க்கோட்டில் விறைப்பாகப் பாய்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் விரல்கள் நாணை விட்ட நொடியில் அம்பு பாம்புபோல வளைகிறது. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் எடை தடுக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. விரல் விலகும்போது நாண் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்வதும் சேர்ந்துகொள்கிறது. இப்படி வளைந்து நெளிந்துதான் அம்பு வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. பிறகு இறகுகள் அதை நேராக்குகின்றன. ‘வில்லாளியின் முரண்’ என்று அழைக்கப்படும் இந்த நிகழ்வை, 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்.

ஆக, அம்பு வளைய வேண்டும். ஆனால் அளவாக வளைய வேண்டும். பெரியவர்களின் வில் தரும் விசைக்கேற்ற விறைப்பான அம்பைப் பிள்ளையின் இலேசான வில்லில் வைத்தால், அது போதிய அளவு வளையாது. பிடியைச் சுற்றி வராமல் வலக்கைக்காரர்களுக்கு இடது பக்கம் விலகிப் போகும். இடக்கைக்காரர்களுக்கு வலது பக்கம். பிள்ளை எவ்வளவு பயிற்சி செய்தாலும் இது மாறாது.

எடையும் ஒரு பிரச்னை. கனமான அம்பு இலேசான வில்லிலிருந்து மெதுவாகக் கிளம்பி, சீக்கிரம் கீழே இறங்கிவிடும். தூரத்தை எட்ட, பிள்ளை வில்லை அண்ணாந்து பிடிக்கும். தோள் ஏறும், இடுப்பு பின்னால் சாயும். அந்தத் தவறான நிலையே பழக்கமாகிவிட்டால் திருத்துவது கஷ்டம்.

முதல் அளவு: நீளம்

டெய்லரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோலத்தான் இதுவும். முதலில் தெரிய வேண்டியது ‘இழுப்பு நீளம்’. அதாவது, பிள்ளை நாணை முழுமையாக இழுத்துத் தாடைக்குக் கீழே கையை வைக்கும்போது, நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையே உள்ள தூரம்.

வீட்டில் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுமையாக நீட்டச் சொல்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5-ஆல் வகுக்க வேண்டும்.

உதாரணமாக, கைவீச்சு 140 செ.மீ. என்றால், 140 ÷ 2.5 = 56 செ.மீ. ஏறக்குறைய 22 அங்குலம். இதோடு குறைந்தது 2 அங்குலம் சேர்த்து, 24 அங்குல அம்பு வாங்கலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு 3 அங்குலம் கூடுதலாக வைத்தாலும் தப்பில்லை.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? பயிற்சியாளரிடம் ‘அளவு அம்பு’ இருக்கும். அங்குலக் கோடுகள் போட்ட நீளமான அம்பு அது. மிகவும் இலேசான வில்லில் அதை வைத்து இழுக்கச் சொல்லி, எந்தக் கோடு பிடிக்கு நேராக வருகிறது என்று இன்னொருவர் பார்ப்பார். அளந்த பிறகு அம்பை எய்யாமல், நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

2 அங்குலம் கூடுதல் ஏன்?

முதல் காரணம் பாதுகாப்பு. அம்பு குட்டையாக இருந்தால், பிள்ளை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இழுக்கும்போது முனை அம்புத் தாங்கியிலிருந்து நழுவி உள்ளே விழுந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால், அம்பு வில்லின் பிடியில் மோதி உடையும். அல்லது வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே பாயும். கார்பன் தண்டாக இருந்தால் அதன் சிம்புகள் சதைக்குள் புகுந்துவிடும். இளம் வீரர்களுக்கு நேரும் மோசமான காயங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது காரணம், பிள்ளைகள் வளர்கிறார்கள். இன்று 22 அங்குலம் இழுக்கும் பிள்ளை, ஒரு வருடத்தில் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாக இழுக்கலாம். நிற்கும் முறை திருந்தும்போதும் இழுப்பு கூடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளப்பது அவசியம். நீளமான அம்பை வெட்டிக் குறைக்கலாம். குட்டையான அம்பை நீட்ட முடியாது.

இரண்டாவது அளவு: வில்லின் உண்மையான விசை

ரீகர்வ் வில்லின் கீழ்க்கிளையில் 20 பவுண்டு என்று எழுதியிருக்கும். அது 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் விசை. 22 அங்குலம் இழுக்கும் பிள்ளைக்கு அவ்வளவு கிடைக்காது. இலேசான வில்லில் ஓர் அங்குலம் குறைய, ஏறக்குறைய ஒரு பவுண்டு அல்லது அதற்குச் சற்று அதிகமாக விசை குறையும். அப்படின்னா அந்தப் பிள்ளையின் விரலில் விழுவது 12 முதல் 14 பவுண்டுக்குள்தான் இருக்கும்.

இந்த உண்மையான எண்ணை வைத்துத்தான் அம்பைத் தேர்வு செய்ய வேண்டும். ‘20 பவுண்டு வில்’ என்று கடையில் சொன்னால், தேவைக்கு மேல் விறைப்பான அம்பு கிடைக்கும். பயிற்சி மையங்களில் வில்லின் விசையை அளக்கும் சிறிய கொக்கித் தராசு இருக்கும். பிள்ளை எவ்வளவு இழுக்கிறதோ அந்த நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் சரியான எண் தெரிந்துவிடும்.

மூன்றாவது அளவு: ஸ்பைன்

அம்பு வாங்கப் போகும் பெற்றோரைக் குழப்புவது இந்த எண்தான். ஸ்பைன் என்பது தண்டு எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் அளவு.

28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் தண்டைப் படுக்கவைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் கீழே வளைந்தால் அதன் ஸ்பைன் 500. ஓர் அங்குலம் வளைந்தால் 1,000. ஆக, எண் கூடக்கூட அம்பு அதிகம் வளையும்.

ஒலிம்பிக் அளவிலான வீரர்கள் பெரும்பாலும் 400 முதல் 600 வரையிலான விறைப்பான அம்புகளைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கான கார்பன் தண்டுகளில் 1,000, 1,300, 1,500, 1,800 போன்ற எண்களைப் பார்க்கலாம். தயாரிப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனியாக அட்டவணை வெளியிடுகின்றன. அதில் வில்லின் உண்மையான விசையையும் அம்பின் நீளத்தையும் பொருத்திப் பார்த்தால் தேவையான ஸ்பைன் கிடைக்கும். ஒரு நிறுவனத்தின் அட்டவணையை வைத்து இன்னொரு நிறுவனத்தின் அம்பை வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தண்டு நீளமானால் அதிகம் வளையும். முனை கனமானாலும் அதிகம் வளையும். இவற்றைக் குறைத்தால் அம்பு விறைக்கும்.

1416, 1616, 1916... இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

அலுமினியத் தண்டில் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண் ஸ்பைன் அல்ல. முதல் இரண்டு இலக்கம் தண்டின் விட்டம், ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்துச் சொல்வது. கடைசி இரண்டு இலக்கம் குழாய்ச் சுவரின் தடிமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்வது.

1616 என்றால் விட்டம் 16/64 அங்குலம், அதாவது கால் அங்குலம் அல்லது 6.35 மி.மீ. சுவரின் தடிமன் 0.016 அங்குலம், ஏறக்குறைய 0.4 மி.மீ.

ஒரே சுவர்த் தடிமன் உள்ள 1416-ஐயும் 1916-ஐயும் ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1416-ன் ஸ்பைன் ஏறக்குறைய 1,680. 1916-க்கு 620 சுற்றளவில்தான். எடையில் 1416 ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 7 கிரெய்ன், 1916 ஏறக்குறைய 10 கிரெய்ன். ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன். 26 அங்குலத் தண்டில் மட்டும் 5 கிராம் வித்தியாசம் வருகிறது. 14 பவுண்டு வில்லுக்கு அது பெரிய சுமை.

எந்தப் பொருளில் அம்பு வாங்கலாம்?

*மரம், மூங்கில்:* பாரம்பரிய வில்லுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று அமைவது கடினம். கடலோரக் காற்றின் ஈரப்பதமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் தண்டு கோணிவிடும். கடலூர், சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் உலர்ந்த இடத்தில், சாய்த்து வைக்காமல் படுக்கையாக வைப்பது நல்லது.

*ஃபைபர் கிளாஸ்:* விலை குறைவு, நன்றாக உழைக்கும். கனம் அதிகம். முதல் சில வாரங்களுக்குப் பரவாயில்லை.

*அலுமினியம்:* தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நல்ல தேர்வு. எல்லா அம்பும் சீராக இருக்கும். சிம்பு சிம்பாக உடையாது, வளையும். வளைந்ததா என்று பார்க்க, கண்ணாடி மேஜையில் உருட்டினால் போதும், தள்ளாடினால் வளைந்துவிட்டது.

*கார்பன்:* இலேசானது, வேகமானது. மெல்லிய தண்டு என்பதால் பக்கக் காற்று தள்ளுவதும் குறைவு. தூரம் கூடும்போது இதுதான் கைகொடுக்கும். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மிகத் துல்லியமான நேர்த்தி என்று சொல்லி விலை கூட்டப்பட்ட அம்புகள் தொடக்கநிலைப் பிள்ளைக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் கூடுதலாக நான்கு அம்பு வாங்கிவிடலாம். வளரும் பிள்ளைக்கு எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் அம்பு மாறும்.

அம்பு பொருத்துவது எப்படி? படிப்படியாக...

பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டலாம்.

1. வெட்டுதல்: நாக் பள்ளத்தின் அடியிலிருந்து தண்டின் முன்நுனி வரைதான் அம்பின் நீளம். முனையைச் சேர்க்கக் கூடாது. கார்பன் தண்டை ரம்பத்தாலோ பைப் கட்டராலோ வெட்டினால் நார்கள் பிளந்துவிடும். அதிவேகத்தில் சுழலும் தேய்ப்புச் சக்கரம்தான் சரி. கடையிலோ பயிற்சி மையத்திலோ வெட்டித் தரச் சொல்வது நல்லது. கார்பன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம், கண்ணாடி கட்டாயம்.

2. சுத்தம் செய்தல்: வெட்டிய நுனியை நைசாகத் தேய்த்து, உட்புறத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே பசை சரியாக ஒட்டாது.

3. முனை பொருத்துதல்: சூடாக்கினால் இளகும் கட்டிப்பசையைப் பயன்படுத்துவார்கள். பின்னால் முனையைக் கழற்றி எடை மாற்ற இது வசதி. முனையைக் குறட்டில் பிடித்துச் சூடாக்கி, பசை தடவி, தண்டுக்குள் சுழற்றியபடி செலுத்த வேண்டும். கார்பன் தண்டின் மீது நேரடியாக நெருப்பைக் காட்டவே கூடாது, உள்ளே இருக்கும் பிசின் கெட்டுவிடும். குறைந்த சூட்டில் இளகும் பசையே கார்பனுக்கு ஏற்றது.

4. நாக் பொருத்துதல்: நாக் நாணில் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும்? எளிய சோதனை இருக்கிறது. நாணில் அம்பை மாட்டி, முனை தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். அம்பு தானாக விழக் கூடாது. நாணை விரலால் இலேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் நாக் தளர்வு. பலமாகத் தட்டியும் விழவில்லை என்றால் இறுக்கம். இலேசான வில்லுக்கு இறுக்கமான நாக் பெரிய தடை.

5. இறகு ஒட்டுதல்: மூன்று இறகும் சமமாக, 120 டிகிரி இடைவெளியில் இருக்க வேண்டும். கையால் ஒட்டினால் வராது. ‘ஃப்ளெட்சிங் ஜிக்’ என்ற சிறிய கருவி தேவை. அம்பு தயாரிப்பில் வாங்க வேண்டிய ஒரே கருவி என்றால் இதுதான். ஒரு இறகு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது நாக் பள்ளத்துக்குச் செங்குத்தாக வர வேண்டும். ரீகர்வ் வில்லில் அந்த இறகு வில்லின் பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் பிடியில் உரசாமல் போகும். இலேசான வில்லுக்குச் சிறிய இறகே போதும். பெரிய இறகு வேகத்தைத் தின்றுவிடும்.

6. அடையாளமிடுதல்: ஒவ்வோர் அம்பிலும் பிள்ளையின் பெயரின் முதலெழுத்தும், வரிசை எண்ணும் எழுதுங்கள். நான்காம் எண் அம்பு மட்டும் திரும்பத் திரும்பக் குழுவிலிருந்து விலகிப் போகிறது என்றால் குறை அந்த அம்பில். பிள்ளையைத் திட்ட வேண்டாம்!

சரியாகப் பொருந்தியதா? சோதிப்பது எப்படி?

முதலில் சமநிலை. முடிந்த அம்பை விரல்மேல் வைத்து எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து முனைப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். 26 அங்குல அம்பு நாக்கிலிருந்து 16 அங்குலத்தில் சமநிலை அடைந்தால், நடுவிலிருந்து 3 அங்குலம் முன்னால். நீளத்தில் இது சுமார் 11.5 சதவீதம். ரீகர்வ் வில்லுக்கு 11 முதல் 16 சதவீதம் வரை இருக்கலாம்.

அடுத்து, இறகில்லா அம்புச் சோதனை. பிள்ளையின் அம்புகள் ஓரளவு ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இறகு உள்ள மூன்று அம்பு, இறகு இல்லாத இரண்டு அம்பு. கிட்டத் தூரத்தில், ஒரே குறியில். வலக்கைக்காரர்களுக்கான பலன் இது:

- இறகில்லா அம்பு இடது பக்கம் போனால்: தண்டு விறைப்பு அதிகம். கனமான முனை அல்லது அடுத்த மெல்லிய தண்டு தேவை.
- வலது பக்கம் போனால்: வளைவு அதிகம். முனையின் எடையைக் குறைக்கலாம். பாதுகாப்பு இடைவெளி இருந்தால் மட்டும் கால் அங்குலம் வெட்டலாம்.
- மேலே போனால்: நாணில் அம்பு மாட்டும் இடம் கீழே இருக்கிறது, ஏற்ற வேண்டும்.
- கீழே போனால்: அந்த இடம் மேலே இருக்கிறது, இறக்க வேண்டும்.

இடக்கைக்காரர்களுக்கு இடது, வலது மட்டும் தலைகீழாக மாறும். அம்பு விறைப்பாக இருக்கிறதே என்று வில்லின் விசையைக் கூட்டுவது மட்டும் கூடாது. அம்பை வில்லுக்கு ஏற்ப மாற்ற வேண்டும், வில்லைப் பிள்ளைக்கு ஏற்ப வைக்க வேண்டும். பிஞ்சுத் தோள்களுக்கு அதிக விசை ஆபத்து.

இதையெல்லாம் செய்யவே கூடாது!

- அம்பு மாட்டாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது. வில் உடையலாம்.
- இலக்கை நோக்கி அல்லாமல் வேறு எங்கும் வில்லை இழுக்கக் கூடாது.
- இலக்குப் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நாக் நேராகக் கண்ணில் படும்.
- வெயிலில் நிறுத்திய காருக்குள் அம்புகளை வைக்கக் கூடாது. சூட்டில் பசை இளகி முனை கழன்றுவிடும்.
- கல்லிலோ இன்னோர் அம்பிலோ மோதிய கார்பன் அம்பைச் சோதிக்காமல் எய்யக் கூடாது. இரண்டு கையிலும் பிடித்து, முகத்தைவிட்டுத் தள்ளி வைத்து, மெதுவாக வளைத்துச் சுழற்றிப் பாருங்கள். ‘கிரிக்’ என்று சத்தம் வந்தாலோ, நார் எழும்பியிருந்தாலோ அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். இன்னொருவர் எடுத்து எய்துவிடக் கூடாது.

போட்டி விதிகள் என்ன சொல்கின்றன?

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. முனைக்கு 9.4 மி.மீ. வரை அனுமதி. ஒவ்வொரு தண்டிலும் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே தோற்றத்தில், இறகு, நாக் ஆகியவை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்.

ரீகர்வ் பிரிவில் பெரியவர்களுக்கு 70 மீட்டர், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 60 மீட்டர். தகுதிச் சுற்றில் 72 அம்புகள். இலக்கின் விட்டம் 122 செ.மீ., அதில் பத்து மதிப்பெண் வட்டம் வெறும் 12.2 செ.மீ. இந்தியாவில் ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பிரிவும் உண்டு. குறிபார்க்கும் கருவி இல்லாத எளிய வில்லுடன் 30 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் நடக்கும் போட்டி இது. செலவு குறைவு என்பதால் பல பிள்ளைகள் இந்த வழியாகத்தான் விளையாட்டுக்குள் வருகிறார்கள்.

மூங்கில் அம்பிலிருந்து உலக மேடைக்கு...

விலை உயர்ந்த அம்பு இருந்தால்தான் சாதிக்க முடியுமா? இல்லை என்பதற்கு ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி சாட்சி. ஆட்டோ ஓட்டுநரின் மகளான அவர், மாங்காய்களைக் கல்லால் குறிபார்த்து, வீட்டில் செய்த மூங்கில் வில், அம்பு கொண்டு பழகியவர். 2005-ல் கர்சாவானில் உள்ள பயிற்சி மையத்திலும், 2006-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா வில்வித்தை அகாடமியிலும் சேர்ந்தார். முறையான கருவிகள் அங்கேதான் கைக்கு வந்தன. 2009-ல் அமெரிக்காவின் ஆக்டன் நகரில் இளையோர் உலக சாம்பியன். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம்.

ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார். மகாராஷ்டிராவின் சதாராவைச் சேர்ந்த அதிதி சுவாமி 2023-ல் பெர்லினில் காம்பவுண்ட் பிரிவில் உலக சாம்பியன் ஆனபோது வயது 17.

அம்பைப் பிள்ளைக்கு ஏற்ப அமைப்பது என்பதற்கு விஜயவாடாவில் ஓர் உதாரணம் உண்டு. 2015-ல் மூன்று வயதுகூட நிறைவடையாத ஒரு சிறுமி 5 மீட்டர், 7 மீட்டர் தூர இலக்குகளில் அம்பு எய்து, ‘இந்தியா புக் ஆஃப் ரெக்கார்ட்ஸ்’ பட்டியலில் இடம்பிடித்தார். பயிற்சியாளரான தந்தை, மகள் தூக்கும் அளவுக்கு எடை குறைந்த கார்பன் அம்புகளைத் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்.

தமிழ்நாட்டில் நவீன வில்வித்தையைப் பரப்பியதில் ஷிஹான் ஹுசைனிக்கு முக்கியப் பங்கு உண்டு. கராத்தே மாஸ்டராக அறியப்பட்ட அவர், மாநில வில்வித்தைச் சங்கத்தை உருவாக்கியவர். 2025 மார்ச்சில் காலமானார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவும் சேர்க்கப்பட்டிருப்பதால், இந்த விளையாட்டின் மீது கவனம் இன்னும் கூடியிருக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முதலில் எத்தனை அம்பு வாங்க வேண்டும்?*
ஒரு சுற்றுக்கு 6 அம்பு. தொலைவதும் உடைவதும் சகஜம் என்பதால் 8 இருந்தால் போதும். போட்டிக்குப் போகும்போது 12.

*வில் வாங்குவதற்கு முன்பே அம்பு வாங்கலாமா?*
வேண்டாம். வில், இழுப்பு நீளம், உண்மையான விசை மூன்றும் தெரிந்த பிறகே அம்பு.

*அண்ணன், தங்கை இருவரும் ஒரே அம்பைப் பயன்படுத்தலாமா?*
இருவரின் இழுப்பு நீளமும் விசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டும். நீளமாக இழுப்பவரின் அளவுதான் கணக்கு.

*பயிற்சி குறித்து எங்கே விசாரிக்கலாம்?*
மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் மாநில வில்வித்தைச் சங்கத்திலும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெருவிலோ மொட்டை மாடியிலோ தனியாகப் பழக விடக் கூடாது.

அடுத்த முறை பிள்ளையின் அம்பு இடது பக்கமே போகும்போது, ‘ஏன் இப்படி?’ என்று அவரைக் கேட்பதற்கு முன்னால் அம்பின் நீளத்தையும் தண்டில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். எய்தவர் மேல் தவறே இல்லாமல் இருக்கலாம்.